பதினைந்து வயது மகனின் கையெழுத்து மாறிவிட்டது, பேச்சும் குழறுகிறது: எதைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்?

காவிரிக்கரை:

அனைவருக்கும் வணக்கம். என் மகனுக்கு 15 வயது. பத்தாம் வகுப்புப் படிக்கிறான். திருச்சி மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் இருக்கிறோம். சென்ற ஆடி மாதம் வரை அவனுடைய கையெழுத்தை அச்சுப்போல இருக்கிறது என்று ஆசிரியர்கள் வகுப்பில் காட்டுவார்கள். காலாண்டுத் தேர்வின் விடைத்தாள்களை வாங்கிப் பார்த்தபோது, முதல் பக்கத்தில் ஓரளவு ஒழுங்காகத் தொடங்கிய எழுத்து, பக்கம் போகப் போகச் சிறுத்து, கோட்டை விட்டு இறங்கி, கடைசிப் பக்கத்தில் அவனாலேயே படிக்க முடியாத கிறுக்கலாக இருந்தது. கைப்பேசியே காரணம் என்று நானாக முடிவுகட்டி, இரட்டை வரி நோட்டு வாங்கிக் கொடுத்துத் தினமும் இரண்டு பக்கம் எழுத வைத்தேன். அவன் அழுதுகொண்டே எழுதினான். அதை நினைத்தால் இப்போது நெஞ்சை அடைக்கிறது.

பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. கையை மடியில் வைத்திருந்தால் நடுக்கம் இல்லை. டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகும்போது கை ஆடித் தண்ணீர் சிந்துகிறது. சட்டைப் பொத்தான் போட நெடுநேரம் ஆகிறது. சிங்கப்பூரிலிருந்து பேசிய என் தம்பி, "தூங்கி எழுந்த குரலில் பேசுகிறானே, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டபிறகுதான் அவனுடைய பேச்சு குழறுவதை வீட்டில் இருந்த நாங்கள் கவனித்தோம். பகலிலேயே வாயோரம் எச்சில் வழிகிறது. கைக்குட்டை இல்லாமல் பள்ளிக்குப் போவதில்லை. முகம் எப்போதும் லேசாகச் சிரித்தபடி இருப்பதுபோல் ஆகிவிட்டது. பாடம் நடக்கும்போது கேலியாகச் சிரிக்கிறான் என்று ஓர் ஆசிரியர் அவனை வெளியே நிறுத்தியிருக்கிறார். நான் போய்க் கேட்டேன். ஆனால் என்ன நோய் என்று கேட்டால் சொல்ல என்னிடம் பதில் இல்லை. முன்பு இல்லாத கோபமும் வருகிறது. ஒரு நாள் தட்டைத் தூக்கி எறிந்துவிட்டு, சிறிது நேரம் கழித்துத் தானே வந்து மன்னிப்புக் கேட்டான்.

இதுவரை மூன்று மருத்துவர்களைப் பார்த்துவிட்டோம். தைராய்டு, பி12, சர்க்கரை எல்லாம் சரியாக இருக்கின்றன. தலைக்கு எடுத்த சி.டி. ஸ்கேனிலும், மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி.யிலும் கோளாறு ஒன்றும் இல்லை என்றார்கள். பொதுத்தேர்வு பயம், மன அழுத்தம் என்று சொல்லி மனநல மருத்துவரிடம் அனுப்பினார்கள். அவர் நிதானமாகவே பேசினார். இரவில் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதைத் தொடங்கிய பத்து நாளில் கை கால்கள் விறைத்தாற்போல் ஆகி, எச்சில் வழிவது இன்னும் கூடிவிட்டது. மாமியார் குணசீலம் கோயிலுக்குக் கூட்டிப்போய் ஒரு மண்டலம் வைத்திருக்கலாம் என்கிறார். எனக்கும் பெருமாளிடம் நம்பிக்கை உண்டு. ஆனால் அந்த நாற்பத்தெட்டு நாளில் செய்யவேண்டிய வேறு ஏதாவதொன்றைத் தவறவிட்டுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அடுத்த மருத்துவரிடம் போகும்போது நான் என்ன கேட்க வேண்டும்? இப்படிப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

வைகறை:

சகோதரி, என் மகளுக்கு வந்தது வேறு நோய். ஆனாலும் எங்கள் அனுபவத்தில் ஒரு பகுதி உங்களுக்குப் பயன்படலாம். காலையில் பல் துலக்கும்போது பிரஷ் கையிலிருந்து தெறித்து விழும். கவனக்குறைவு என்று எட்டு மாதம் திட்டினோம். கடைசியில் ஒரு மருத்துவர், "இந்த உதறல் தூங்கி எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் மட்டும்தான் வருகிறதா? முதல் நாள் இரவு கண்விழித்தால் கூடுகிறதா?" என்று இரண்டே கேள்வி கேட்டு, பதின்வயதில் தொடங்கும் மயோக்ளோனிக் வலிப்பு என்று சொல்லிவிட்டார். அதற்கு முன் எடுத்த இ.இ.ஜி. எங்களுக்கும் சரியாகத்தான் இருந்தது. எடுத்த அந்த அரை மணி நேரத்தில் மூளையில் ஒன்றும் நடக்கவில்லை என்பதற்குமேல் அந்தத் தாளில் எதுவும் இல்லை என்று பிறகுதான் புரிந்தது.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்கள் மகனுக்கு இருப்பது வெட்டி உதறும் அசைவாகத் தெரியவில்லை. நாள் முழுவதும் இருப்பதாகத் தெரிகிறது. எதுவானாலும், அவன் டம்ளர் எடுப்பதையும், எழுதுவதையும், ஒரு பத்தி உரக்கப் படிப்பதையும், நடந்து திரும்புவதையும் கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள். கூடவே சென்ற ஆண்டு நோட்டு ஒன்றையும் இந்த ஆண்டு நோட்டு ஒன்றையும் எடுத்துப் போங்கள். மருத்துவர் முன் உட்கார்ந்ததும் பிள்ளைகள் எப்படியோ நன்றாக இருந்துவிடுகிறார்கள். எங்கள் மகள் அப்படித்தான் எங்களைப் பொய்யர்களாக்கினாள்.

மணல்மேடு:

மன அழுத்தம் என்று சொன்னதை மருத்துவர் தட்டிக்கழித்தார் என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன். என் அக்கா மகனுக்குக் கால் செயலிழந்தது, ஸ்கேனில் ஒன்றுமில்லை. அது நரம்பு மண்டலம் இயங்கும் விதத்தில் வரும் கோளாறு, நடிப்பு அல்ல என்று நரம்பியல் மருத்துவர் விளக்கினார். இயன்முறைப் பயிற்சியில் ஐந்து மாதத்தில் நடந்தான். ஆனால் அந்த மருத்துவர் ஸ்கேன் நன்றாக இருப்பதை வைத்து அந்த முடிவுக்கு வரவில்லை. படுக்கவைத்து, நல்ல காலைத் தூக்கச் சொல்லும்போது செயலிழந்த கால் தானாகக் கீழே அழுத்துகிறது என்பதை எங்கள் கண்முன்னே காட்டி, அதற்குப் பிறகுதான் சொன்னார். உங்களிடம் மன அழுத்தம் என்று சொன்னவர் அப்படி எதையாவது காட்டினாரா, அல்லது மற்றவை எல்லாம் சரியாக இருப்பதால் அப்படித்தான் இருக்கும் என்றாரா? பின்னது என்றால் நீங்கள் மேலும் தேடுவதே சரி.

நரம்பியல் துறையில் பணிபுரிபவர்:

அம்மா, எழுத்தைப் படித்து நோயைச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பவை ஒன்றோடொன்று சேர்ந்து நிற்கும் விதம், உடனே பார்க்கவேண்டிய ஒரு நோயை நினைவூட்டுவதால் சற்று விரிவாக எழுதுகிறேன். அதற்கு முன் நான்கு கேள்விகள். மகனுக்குச் சிறு வயதில் எப்போதாவது மஞ்சள் காமாலை வந்ததா? உங்கள் திருமணம் சொந்தத்தில் நடந்ததா? குடும்பத்தில் யாராவது இளம் வயதில் ஈரல் நோயாலோ, கைகால் முடங்கியோ இறந்திருக்கிறார்களா? இவனுக்கு உடன்பிறந்தவர்கள் உண்டா?

பதின்வயதில் கைநடுக்கம், குழறல், எழுத்து மாற்றம், குணமாற்றம் ஆகியவை படிப்படியாகச் சேர்ந்து வந்தால், அரிதா அரிதில்லையா என்று பார்ப்பதற்கு முன்னால், மருந்தால் நிறுத்தக்கூடிய நோய் எது என்று பார்ப்பது எங்கள் வழக்கம். அந்த வரிசையில் முதலில் நிற்பது வில்சன் நோய். 1912-இல் லண்டனில் கின்னியர் வில்சன் என்ற நரம்பியல் மருத்துவர் இதை விவரித்து எழுதினார்; அன்றைக்கு இதற்கு மருந்தே இல்லை, வந்தவர்கள் எல்லோரும் இறந்தார்கள். 1956-இல் ஜான் வால்ஷ் பெனிசிலமைன் மருந்தைக் கொண்டுவந்தபிறகு கதை மாறிவிட்டது. நாம் உண்ணும் உணவில் உள்ள தாமிரத்தில் உடலுக்குத் தேவையானது போக மிச்சத்தை ஈரல் பித்தநீரில் கலந்து வெளியேற்றுகிறது. அந்த வேலைக்கான ஏ.டி.பி.7பி என்ற மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதாக வந்தால் தாமிரம் வெளியேறாமல் முதலில் ஈரலிலும், பிறகு மூளையின் ஆழத்தில் அசைவுகளை ஒழுங்குபடுத்தும் பகுதிகளிலும் படிகிறது. சிலருக்கு ஈரல் நோயாகவும், சிலருக்கு நரம்பு நோயாகவும், வேறு சிலருக்குக் குணமாற்றமாகவும் அது முதலில் வெளிப்படும். மூன்றாம் வகையினர் மனநல மருத்துவத்தில் மாதக்கணக்கில் தங்கிவிடுவது உண்டு.

மனநல மாத்திரைகளில் ஒரு வகை, இந்நோய் உள்ளவர்களுக்குக் குறைந்த அளவிலேயே கடும் விறைப்பை உண்டாக்கும். ஆகவே பத்து நாளில் விறைத்தது என்று நீங்கள் எழுதியிருப்பதைச் சாதாரணமாக எண்ணாமல், எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் நாளைக்கே தொலைபேசியில் தெரிவித்து அவர் சொல்வதுபோல் செய்யுங்கள். நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.

கேட்கவேண்டியவை அதிகம் இல்லை. கண் மருத்துவரிடம் ஸ்லிட் லேம்ப் என்ற கருவியில், கருவிழியின் ஓரத்தில் கெய்சர்-ஃபிளைஷர் வளையம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தாமிரம் படிவதால் வரும் பச்சையும் பழுப்புமான அந்த வளையம், நரம்பு அறிகுறிகள் தொடங்கிவிட்ட நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேருக்குமேல் இருக்கும். வெறும் கண்ணுக்கு, அதுவும் நம்மவர்களுடைய கரிய கண்களில், பெரும்பாலும் தெரியாது. ஐந்து நிமிட வேலை இது. இரத்தத்தில் தாமிரத்தைச் சுமக்கும் செருலோபிளாஸ்மின் என்ற புரதத்தின் அளவு பார்க்க வேண்டும். பொதுவாக 100 மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் குறைந்தால் சந்தேகம், 10-க்கும் கீழே போனால் சந்தேகம் வலுக்கிறது. 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்த்துத் தாமிரத்தை அளக்க வேண்டும். நோய் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் அது 100 மைக்ரோகிராமைத் தாண்டும். சிறுநீர் சேர்க்கும் கேனை ஆய்வகத்திலேயே கேட்டு வாங்குங்கள். வீட்டுப் பாத்திரம் கூடாது. ஈரலுக்கான சோதனைகளும் வயிற்று அல்ட்ராசவுண்டும் கூட வேண்டும். மூளைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும், இந்த மாற்றங்களைச் சி.டி. பல நேரம் காட்டாது.

இது வில்சன் நோயாகத்தான் இருக்கும் என்று நான் சொல்லவில்லை. தொண்டைப் புண்ணுக்குப் பிறகு சில வாரங்களோ மாதங்களோ கழித்து, அடங்காமல் கைகால் துள்ளும் சிடன்ஹாம் கொரியா நம் நாட்டில் இன்னும் வருகிறது; அதில் இதயத்தையும் பார்க்க வேண்டும். கைக்குழந்தையாக இருந்தபோது தட்டம்மை வந்த பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகள் கழித்து மூளையைத் தாக்கும் நோய் ஒன்றும் உண்டு. அதில் படிப்பு வேகமாகச் சரியும், உடல் சீரான இடைவெளியில் உதறும். உங்கள் விவரிப்பு இவ்விரண்டோடும் பொருந்தவில்லை. இருந்தாலும் நேரில் பார்ப்பவர் இவற்றையும் மனத்தில் வைத்துக்கொள்வார். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையின் நரம்பியல் நிலையம், வேலூர் சி.எம்.சி., பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆகிய இடங்களில் இந்நோயாளிகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறார்கள். ஆனால் கண் பரிசோதனையையும் இரத்தப் பரிசோதனையையும் திருச்சியிலேயே இந்த வாரமே முடித்துவிடலாம். பெரிய ஊருக்குப் போகும் வரை காத்திருக்க வேண்டாம்.

காவிரிக்கரை:

ஐயா, நீங்கள் கேட்ட நான்கு கேள்விகளில் ஒன்றைக்கூட இதுவரை யாரும் எங்களிடம் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை, ஏனென்றால் இவற்றுக்கும் கைநடுக்கத்துக்கும் தொடர்பு இருக்கும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. இவனுக்கு எட்டு வயதில் மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்தோம், பத்தியம் இருந்தான், மூன்று வாரத்தில் கண் வெளுத்துவிட்டது. அதோடு மறந்துபோனோம். என் கணவர் எனக்குத் தாய்மாமன். அவருடைய அண்ணன் ஒருவர் பத்தொன்பது வயதில், கைகால் இழுத்துப் பேச்சு நின்று இறந்துபோனார் என்று சொல்வார்கள். நான் பிறப்பதற்கு முந்தைய கதை. செய்வினை என்றுதான் அதை வீட்டில் பேசுவார்கள். எங்களுக்கு 11 வயதில் ஒரு மகளும் இருக்கிறாள்.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். உடம்புக்கு நல்லது என்று மூன்று ஆண்டுகளாகச் செப்புக் குடத்தில் ஊற்றி வைத்த தண்ணீரைத்தான் வீட்டில் எல்லோரும் குடிக்கிறோம். நானே விஷம் கொடுத்திருக்கிறேனா?

மனநல மருத்துவரிடம் பேசிவிட்டேன். மாத்திரையை எப்படிக் குறைத்து நிறுத்த வேண்டும் என்று சொன்னார். இரத்தப் பரிசோதனைக்கும் அவரே எழுதிக் கொடுத்தார்.

நரம்பியல் துறையில் பணிபுரிபவர்:

செப்புக் குடம் இந்நோயைக் கொண்டுவராது. மரபணு சரியாக இருப்பவர் அந்தத் தண்ணீரைக் குடித்தால் மிகுதியை ஈரல் வெளியேற்றிவிடும். உங்கள் வீட்டில் மற்றவர்களும் அதையேதான் குடித்திருக்கிறீர்கள். மகனுக்கு நோய் உறுதியானால், இருக்கும் சுமையோடு அதுவும் கொஞ்சம் சேர்ந்திருக்கும், அவ்வளவுதான். முடிவு தெரியும் வரை குடத்தை எடுத்து வைத்துவிடுங்கள்.

சொந்தத்தில் திருமணம் செய்ததைப் பற்றியும் அதேபோல் உங்களை வருத்திக்கொள்ள வேண்டாம். இந்தப் பழுதில் ஒரு பிரதியை மட்டும் வைத்திருப்பவருக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது; தன்னிடம் அது இருப்பதே அவருக்குத் தெரியாது. மாமன் வீட்டிலும் மருமகள் வீட்டிலும் ஒரே முன்னோரிடமிருந்து அது இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம் என்பதால்தான் நாங்கள் கேட்கிறோம். இருவரிடமும் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. ஆகவே மகனுக்கு உறுதியானால் அன்றைக்கே மகளுக்கும் பரிசோதனை தொடங்க வேண்டும். அவள் நன்றாக ஓடியாடிக்கொண்டிருக்கிறாள் என்பதற்காகத் தள்ளிப்போட வேண்டாம்.

கொல்லிமலைச்சாரல்:

நான் இந்த நோய் உள்ள பெண்ணின் தாய். என் மகளுக்கு 14 வயதில் கண்டுபிடித்தார்கள், இப்போது 24. பி.காம். முடித்து ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் வேலைக்குப் போகிறாள். வேகமாகப் பேசினால் சொல் கொஞ்சம் ஒட்டும். வேறு யாருக்கும் ஒன்றும் தெரியாது. முன்கூட்டியே இதைச் சொல்லிவிட்டேன், ஏனென்றால் மருந்து தொடங்கிய முதல் மூன்று மாதத்தைப் பற்றி நான் எழுதப்போவது பயமுறுத்தலாம்.

பெனிசிலமைன் தொடங்கியதும் அவள் நிலைமை மோசமானது. நடந்து போனவள் சுவரைப் பிடித்து நடந்தாள். உடலில் படிந்திருந்த தாமிரத்தை மருந்து கிளப்பும்போது சிலருக்கு இப்படி ஆகும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்ததால்தான் நாங்கள் மருந்தை நிறுத்தாமல் இருந்தோம். சின்ன அளவில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டுவதே இதற்காகத்தான். ஆறு மாதம் கழித்து எச்சில் வழிவது நின்றது. எழுத்து திரும்ப ஒன்றரை ஆண்டு ஆனது. வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் கொடுக்க வேண்டும். கூடவே பி6 மாத்திரை உண்டு. இரத்த அணுக்களையும் சிறுநீரில் புரதத்தையும் சொன்ன தேதியில் தவறாமல் பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்த மருந்து சிறுநீரகத்தைப் படுத்தக்கூடியது. துத்தநாக மாத்திரையும் கொடுத்தால், இரண்டையும் சேர்த்து விழுங்கவிடாமல் நேரம் பிரித்துக் கொடுங்கள். எங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் அந்த அட்டவணை இன்னும் ஒட்டியிருக்கிறது.

ஈரல் கறி, நண்டு, இறால், முந்திரி, நிலக்கடலை, எள், காளான், சாக்லேட் ஆகியவற்றை முதல் ஆண்டு முழுக்க நிறுத்தினோம். பிள்ளைக்கு வேப்பங்காயாகக் கசந்தது சாக்லேட்டை நிறுத்தியதுதான். மாத்திரையைக்கூட அவ்வளவு வெறுக்கவில்லை. இன்னொன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நன்றாகிவிட்டது என்று எண்ணி மருந்தை விட்டுவிடக் கூடாது. எங்களோடு மருத்துவமனைக்கு வந்துகொண்டிருந்த ஒரு பையன் கல்லூரி விடுதிக்குப் போனதும் மருந்தை நிறுத்திவிட்டான். ஈரல் செயலிழந்து அடுத்த ஆண்டே போய்விட்டான். வாழ்நாள் முழுக்கச் சாப்பிட வேண்டிய மருந்து என்பதை உங்கள் மகனிடமே நேரடியாகச் சொல்லுங்கள். 15 வயதுப் பையனுக்குப் புரியும்.

தேர்வைப் பற்றி: நரம்பியல் மருத்துவரிடம் சான்று வாங்கித் தலைமையாசிரியர் வழியாகத் தேர்வுத் துறைக்கு விண்ணப்பித்தால், சொல்வதை எழுதுபவரையும் கூடுதல் நேரத்தையும் கேட்கலாம். கடைசி நேரத்தில் ஓடினால் அலைச்சல்தான். இப்போதே கேட்டு வையுங்கள்.

காவிரிக்கரை:

பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். கண் மருத்துவர் கருவியில் பார்த்தவுடன் ஒன்றும் பேசாமல் தன்னுடன் இருந்த இளம் மருத்துவரை அழைத்துப் பார்க்கச் சொன்னார். இரண்டு கண்ணிலும் வளையம் இருக்கிறது. செருலோபிளாஸ்மின் 6. சிறுநீரில் தாமிரம் 312 மைக்ரோகிராம். எம்.ஆர்.ஐ.யில் மூளையின் ஆழத்தில் இரு பக்கமும் மாற்றம் தெரிகிறது. நடுமூளையில் பாண்டாக் கரடியின் முகம்போல ஓர் உருவத்தையும் மருத்துவர் காட்டினார். அதைப் பார்த்ததும் என் மகன் சிரித்துவிட்டான், நிஜமாகவே சிரித்தான். ஈரலில் தழும்பு ஆரம்பித்திருக்கிறது, ஆனால் வேலை செய்கிறது என்றார்கள். மருந்து நேற்று முன்தினம் மிகச் சிறிய அளவில் தொடங்கியிருக்கிறது.

கையெழுத்து நோட்டை அவனிடம் காட்டி, எழுத வைத்தது என் தவறு என்று சொன்னேன். "அதை டாக்டரிடம் காட்டினதாலதானே கண்டுபிடிச்சாங்க" என்று குழறிக் குழறிச் சொன்னான். தலைமையாசிரியரிடம் விண்ணப்பத்தைக் கொடுத்தாயிற்று. வெளியே நிறுத்திய ஆசிரியர் வீட்டுக்கே வந்து, வாசலில் நின்றபடி ஒன்றும் பேச முடியாமல் போனார்.

மாமியார் அந்தப் பெரியப்பாவின் கதையை மருத்துவரிடம் முழுவதும் சொன்னார். நாற்பது ஆண்டுக்கு முந்தைய அறிகுறிகளை ஒன்றுவிடாமல் நினைவில் வைத்திருந்தார். குழறல், எச்சில், விறைத்த கை, கடைசியில் வயிறு வீங்கியது வரை. இருக்கலாம் என்று மட்டும் மருத்துவர் சொன்னார். அன்று மாலை மாமியாரே செப்புக் குடத்தைத் துடைத்துப் பரணில் ஏற்றினார்.

மகளுக்கு இன்று காலை இரத்தம் எடுத்தார்கள். கண் பரிசோதனையில் வளையம் இல்லை; ஆனால் அறிகுறி தொடங்காத பிள்ளைகளுக்கு அது இல்லாமலும் இருக்கலாம், அதை வைத்து நிம்மதி அடைய வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அவளுக்கும் ஆய்வகக் கேன் வாங்கி வந்திருக்கிறேன். நாளை ஞாயிறு, பள்ளி இல்லை. காலை ஆறு மணியிலிருந்து சேர்க்க வேண்டும்.